வாளியில் ஒட்டிய வார்த்தை

அப்பா,

சாவி பக்கத்து வீட்டு அத்தைகிட்ட இருக்கு. குழம்பை அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். ருசி பார்க்க நேரமில்ல, இனிச்சா என்னைத் திட்டாதீங்க. உப்பு டப்பா மேலயும் சர்க்கரை டப்பா மேலயும் நீங்க இங்கிலீஷ் வார்த்தையை ஒட்டி வச்சதுல எது எதுன்னே தெரியல.

"இங்கிலீஷ் டெஸ்ட்ல இருபதுக்கு ஒண்ணா? வீடு பூரா ஒட்டியும் மண்டையில ஏறலையா?"ன்னு நேத்து கத்தினீங்களே, ஏறிச்சுப்பா. வேற மாதிரி ஏறிச்சு. கேள்வித்தாள்ல வார்த்தையைப் பார்த்ததும் இது பாத்ரூம் வாளி, இது ஃப்ரிட்ஜ் கதவு, இது செருப்பு ஸ்டாண்டுன்னு இடம்தான் ஞாபகம் வந்துச்சு. அர்த்தம் வரமாட்டேன்னு அடம்பிடிச்சுது. எனக்கு அழுகைதான் வந்துச்சு.

அதை உங்ககிட்ட சொல்ல வாயைத் திறந்தா, நான் தட்டுல கை வைக்கறதுக்குள்ள அடுத்த வார்த்தையைக் கேட்டீங்க. "சாப்பிட்டியாம்மா"ன்னு நீங்க கேட்டு எவ்வளவு நாளாச்சு, தெரியுமா?

அதனால நீங்க ஒட்டின சீட்டு எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன். கோபம் வந்தா வரட்டும்.

குழாய் ரிப்பேர்காரர் மத்தியானம் வருவார். தூங்கிடாதீங்க.

பி.கு: ஒண்ணை மட்டும் கிழிக்கல. உங்க ஷேவிங் கண்ணாடியில இருக்கற 'ஆப்ஸ்டினேட்'. தினமும் அதுக்குக் கீழ உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்து, பிடிவாதம்ங்கற அர்த்தம் நல்லா பதிஞ்சு போச்சு. அந்த ஒரு மார்க் அதுக்குத்தான்.

ராத்திரி சேர்ந்து சாப்பிடலாம். கேள்வி நான் கேட்பேன். நீங்க தமிழ்லயே பதில் சொல்லலாம்.