பக்கத்து வீட்டுக் குரல்

அன்புள்ள பிரமீளாவுக்கு,

நைனா நன்றாகத்தான் இருக்கிறார். காலைத்தான் இன்னும் ஊன்ற முடியவில்லை.

எடிட்டோரியல் அனலிஸ்ட் வேலைக்கு முந்தாநாள் வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. ஆய்வுக் கட்டுரையை எப்படித் திருத்துவேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து நைனா கத்தினார். "டேய் சுகுமாரு, ஒண்ணுக்கு வருதுடா. எங்கடா கீற?"

"யாரோ கூப்பிடறாங்களே?" என்றார் இன்டர்வியூ எடுத்த மேடம்.

"பக்கத்து வீடுங்க," என்றேன். அதன் பிறகு நைனா கூப்பிடவே இல்லை.

முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் வேட்டியும் படுக்கையும் நனைந்திருந்தன. துடைத்து, வேறு வேட்டி கட்டிவிட்டேன். சுவரைப் பார்த்தபடியே, "வேல கெடச்சிச்சா?" என்றார்.

கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சென்னைக்கு வந்து சேரச் சொல்லி இன்று மெயில் வந்தது. வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை. மானாம்பதி வரை விசாரித்தும் நைனாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையவில்லை. வர முடியாதென்று பதில் போட்டுவிட்டேன். நாம் சேர்ந்து வீடு எடுக்கும்வரை இன்னும் கொஞ்ச நாள் நீ விடுதியிலேயே இருக்க வேண்டும்.

நைனாவிடம் வேலை கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "நான் கூப்ட்டதாலயாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை.

நான் லேப்டாப்பைத் திறந்தாலும் போனை எடுத்தாலும் அவர் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். அதனால்தான் உனக்குக் கையால் எழுதுகிறேன்.

உன்னவன்