தம்பியின் துணிக்கு வாசனை வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனியிலிருந்து நீங்கள் அனுப்பிய சோப்புத் தூள் பெட்டி வந்து சேர்ந்தது. கட்டிலுக்கு அடியில் இனி இடமில்லை. அம்மா அதை உடனே பிரிக்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்கார அத்தை மாடிக்கு வரும்வரை கூடத்தின் நடுவிலேயே வைத்திருந்தாள். உன் வீட்டுக்காரர் தூரத்தில் இருந்தாலும் மறக்கவில்லை போலிருக்கிறதே என்று அத்தை சொன்னார். அன்று முழுக்க அம்மாவின் முகம் மலர்ந்தே இருந்தது.

தம்பி இப்போது உட்காருகிறான். நீங்கள் பார்த்தபோது கண்ணைக்கூடத் திறக்கவில்லை, அதனால் சொல்கிறேன். அவனுக்கு இன்னும் துணி டயப்பர்தான் கட்டுகிறோம். போன மாதம் அவன் தொடையிடுக்கு சிவந்து, தோல் உரிந்து, ரத்தம் கசிந்தது. தண்ணீர் பட்டாலே வீறிட்டான். அம்மா எண்ணெய் தடவினாள், பவுடர் போட்டாள். எதுவும் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காதான் எந்தத் தூளில் துவைக்கிறீர்கள் என்று கேட்டார். வாசனையும் மென்மைக்காகச் சேர்ப்பதும் துணி இழையில் படிந்துகொள்ளுமாம். பிறகு துணி ஈரத்தை உறிஞ்சாது, படிந்தது குழந்தையின் தோலை அரிக்கும் என்றார். நான் அதோடு விடாமல் நூலகத்தில் தேடிப் படித்தேன். துவைத்துக் காயவைத்த துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பார்க்கச் சொல்லியிருந்தது. அலசினேன். ஒரு துளி தூள்கூடப் போடாமலே வாளி நிறைய நுரை வந்தது, அப்பா.

பெட்டியின் பின்பக்கத்திலும், கைக்குழந்தைகளின் துணிக்கு ஏற்றதல்ல என்று எறும்பு மாதிரி எழுத்தில் போட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போய் இந்தத் தூளைப் பற்றிப் பேசுவதுதான் உங்கள் வேலை. நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். படிக்கவில்லை என்று நினைக்கவும் ஆசையாக இருக்கிறது.

அம்மாவிடம் நுரையைக் காட்டினேன். வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டாள். "பெத்த புள்ளைக்குக் கெடுதல் பண்றதையா உங்கப்பா அனுப்புவாரு? நாலு புஸ்தகம் படிச்சா பெரிய டாக்டரா நீ?" என்று கேட்டாள்.

அதனால் துவைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அத்தையிடம் சொல்லி, வாசனை சேர்க்காத சாதாரணத் தூள் வாங்கி, என் பழைய புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நுரை சுத்தமாகப் போகும்வரை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைக்கிறேன். துவைக்கும்போது உங்கள் பெட்டியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். குளியலறை முழுக்க மணக்கும், துணியில் மட்டும் மணக்காது. அளவு குறைய வேண்டுமே என்று ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி தூளைச் சாக்கடையில் கொட்டுகிறேன்.

தம்பியின் புண் ஆறிவிட்டது. நேற்று அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்தீங்களா, அவர் அனுப்பினது சோடை போகல. இவதான் என்னமோ சொன்னா" என்றாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் சொல்லத்தான் அம்மா உங்களுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்து, அவர் குளிக்கிறார் என்றாராம். ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணாக இருக்கும் என்று அம்மா என்னிடம் சொன்னாள். ஆபீஸில் யாராவது குளிப்பார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அழுதிருப்பாள். நான் கேட்காததால், அடுத்த பெட்டி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி பெட்டி அனுப்பாதீர்கள், அப்பா. வருவதாக இருந்தால் வெறுங்கையோடு வாருங்கள், தம்பி யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறான். வரப்போவதில்லை என்றால் அதை அம்மாவிடம் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். அதற்குப் பிறகாவது அவளிடம் நான் பொய் சொல்லாமல் இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மகள்