இடி வாங்கியவளைப் பார்க்கக் கூடாது

ஜூலை 26

ருஃபினா அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அப்பா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்.

நேற்று சந்தியாகப்பர் திருநாள். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நீ பிடிவாதம் பிடித்து அவள் நெஞ்சுக்குள் வைக்கச் சொன்ன இதயப் பெட்டி மின்சாரம் அடித்தது. குதிரை உதைத்தது போலப் பின்னால் விழுந்தாள். ஓடினேன். அப்பா என் சடையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இடி வாங்கினவள யாரும் பாக்கக் கூடாதுடி! பாத்தா உசுரு திரும்பாது. இடிக்கு அதிபதி சந்தியாகப்பரே உங்கம்மாவத் தேர்ந்தெடுத்திருக்காரு. இனி அவ குறி சொல்லுவா பாரு."

அம்மா தனியாகக் கிடந்து, தானே எழுந்து வந்தாள். ஊரார் இப்போதே குறி பார்க்கும் கோகா இலையோடு வாசலில் நிற்கிறார்கள். அவள் செத்துவிடுவாளா? நீ அப்பாவோடு சண்டை போட்டுப் போய்விட்டாய். மாட்டிக்கொண்டவள் நான்.

டெல்மிரா

சாந்தாகுரூஸ்
ஆகஸ்ட் 2

டெல்மிரா,

இடியாம், மண்ணாங்கட்டியாம். மண்சுவர்ப் பூச்சி கடித்து வந்த நோயில் கெட்ட இதயம் அது. தறிகெட்டுத் துடிக்கும்போது பெட்டி ஓர் அடி கொடுத்து அடக்குகிறது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அவள் மார்பின்மேல் தகடு வைத்து அடித்தார்களே, அது பழைய எந்திரம். மின்சாரம் ஒரே பக்கமாகப் பாயும். நிறையக் கொடுக்க வேண்டும். தோல் வெந்தது, இதயமும் வெகுநேரம் மரத்துக் கிடந்தது. புது எந்திரத்தில் மின்சாரம் போய்த் திரும்பும், குறைவாகவே போதும். பெட்டியின் கம்பி இதயத்துக்குள்ளேயே இருப்பதால் அதற்கு இன்னும் குறைவு. ஆனால் சின்ன அடியும் அடுத்தடுத்து விழுந்தால் இதயம் துவண்டுவிடும். அப்படி விழுந்தால் உடனே வண்டியில் ஏற்று. அவளைத் தொட்டால் நீ சாக மாட்டாய்.

கதவுக்கு வெளியே நின்று அழுதாயாக்கும்? வெட்கமாக இல்லை? நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அந்த மனிதர் முகத்தில் விழிக்க நான் வரமாட்டேன். அழுகைக் கடிதம் அனுப்பாதே.

ருஃபினா

ஆஸ்பத்திரி, கொச்சபம்பா
ஆகஸ்ட் 11

அக்கா,

நேற்று அம்மாவுக்கு அடுத்தடுத்து அடி விழுந்தது. அப்பா கதவின் குறுக்கே உட்கார்ந்தார். அவர் கையைக் கடித்துவிட்டு உள்ளே போனேன். அம்மாவைப் பிடித்திருந்தபோதே இன்னொன்று அடித்தது. என் உள்ளங்கை சுளீரென்றது. குறி கேட்க வந்த லாரிக்காரர்தான் தூக்கி ஏற்றினார். அப்பா பின்னாலேயே ஓடிவந்து கத்தினார்: "பாத்துட்டல்ல? இனி அவ செத்தா நீதான்டி கொன்னவ!"

ஆஸ்பத்திரியில் பெட்டி அடித்தும் இதயம் அடங்கவில்லை. தகடு கொண்டு வந்தார்கள். புது எந்திரமா என்று கேட்டேன். "ஆமா, வாய மூடிட்டுத் தள்ளி நில்லு" என்றாள் நர்ஸ். அம்மா பிழைத்தாள்.

கண் விழித்ததும் என்னைக் கேட்டாள்: "எதுக்குடி பாத்த? இனி என் குறி பலிக்குமா? ஆயுசு முழுக்க அடுத்தவங்க பாத்திரம் கழுவுனவ நான். மொத தடவையா ஊரே என் வாசல்ல வந்து நின்னுச்சு. கெடுத்துட்டியேடி, பாவி."

நான் ஊட்டிய சூப்பைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டாய். இல்லை. இனி உனக்கு எழுத மாட்டேன். திட்டுவதென்றால் இங்கே வந்து திட்டு.

வார்டே தூங்குகிறது. அம்மா தூங்கவில்லை. கோபத்தில் அவள் முதுகு ஏறி இறங்குகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டெல்மிரா