பச்சைப் பெட்டி

தம்பி,

ஓஹையோவில் அப்பா திறந்த ஒற்றைத் துணிக்கடை பதினொரு ஊர்களில் பேரங்காடிகளாக வளர்ந்தது. நீ விற்றாய். வாங்கியவர்கள் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள், பிறகு கடைகளையே மூடினார்கள். அதைப் பற்றி எழுத இதை ஆரம்பிக்கவில்லை.

நேற்று தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பரிசு மாற்றிக்கொண்டோம். கடை மூடி ஆறு வருஷமாகியும் மேஜை முழுக்க நம் கடையில் துணி வைத்துக் கொடுத்த பச்சை அட்டைப்பெட்டிகள்தான், மூடியில் அச்சடித்த அப்பாவின் கையெழுத்தோடு! நம் கடையில் தொப்பிப் பிரிவில் வேலை பார்த்த வெர்னா கொடுத்ததைப் பிரிக்கப்போனேன். பதறிவிட்டாள்.

"மெதுவாடி! உள்ள இருக்கறது எங்கயோ மலிவா வாங்கினது. பெட்டி கிழிஞ்சா அடுத்த வருஷம் எதுல வச்சுக் குடுப்பேன்?"

கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

உனக்குக் கையுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். அது வரும் பெட்டி என்னிடமிருந்த கடைசிப் பெட்டி. எனக்குத் திரும்ப வேண்டும். தபாலில் போட்டால் நசுங்கிவிடும். நீயே கொண்டு வா.

அக்கா