அண்ணன் கடைக்குப் புது டிஸ்க் போட்ட விஷயம்

அன்பு மகள் ஸோர்னிட்சாவுக்கு, நம் ஊர் லோமிலிருந்து வல்கோ சித்தப்பா எழுதுகிறேன். நீ வலென்சியாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் செய்தி வாசிக்கும். மற்றவர் சுகத்தைக் கீழே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்னாடியே சொன்னவன் நான். உன் அப்பா கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துவிடும் என்று சொன்னேன், கடைவீதியில் இன்னொருத்தன் அஞ்சலித் தாள் அடிக்க மெஷின் போடுவான் என்று சொன்னேன், அண்ணன் அடம் பிடித்துவிட்டுக் கடைசியில் என் பேச்சைத்தான் கேட்பார் என்றும் சொன்னேன். மூன்றும் நடந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவனுக்கு எது எப்போது விழும் என்று மேலே இருந்தே தெரியும், எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேனே தவிர மூளையை நிறுத்தவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தனியாகக் கூப்பிட்டால் நீ நேராகக் கேள்வி கேட்பாய், எனக்கு நாக்கு புரளும். தாளில் என்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் அண்ணன் அதைப் போட்டுவிட்டு பனிட்சா வாங்கப் போவார், வாங்கி, வழியில் நாலு பேரிடம் பேசி, தின்று முடித்துத் திரும்பினாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நீ இருந்த காலத்தில் கல்யாணமும் பள்ளிக்கூடமும் என்று போட்டோ எடுத்த கடையில் இப்போது அதே முகங்களை அதே படங்களிலிருந்து வெட்டி எடுத்து அஞ்சலித் தாளில் வைக்கிறார். இறந்த அன்றைக்கு ஒரு தாள், நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறு மாதத்துக்கு, பிறகு வருஷா வருஷம், உனக்குத் தெரியாததா, நம் ஊரில் கதவும் கம்பமும் பஸ் நிறுத்தமும் தாள் ஒட்டாமல் வெறுமையாக இருந்து யார் பார்த்தது. போன மாதம் பேக்கரி இஸ்க்ரா தன் புருஷனுடைய நாற்பதாம் நாள் தாளுக்கு வந்தாள். படத்தைத் திறந்தால் நெற்றி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடியும் நெற்றிதான் வருகிறது. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. இஸ்க்ரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை லூபென் அண்ணா, உயிரோட இருந்தப்பவும் அந்த மனுஷன் இப்படித்தான், வாசல் வரைக்கும் வருவார், வெளிய வரமாட்டார்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், அப்புறம் அழுதாள். அண்ணன் மட்டும் திரையை விட்டுத் திரும்பவே இல்லை.

அன்றைக்கே நான் பிளாமெனிடம் போனேன், சந்தைப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, உன் கூடப் படித்தவன். புதுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டரை மாத்த வேணாம் மாமா. உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்தான் கிழடு தட்டிப் போச்சு, ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்தித் தேடுது. புது டிஸ்க்ல சுத்துறதுக்கே ஒண்ணும் கிடையாது, கேட்டதும் எடுத்துக் குடுத்துரும்" என்றான். இது எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் அவன் வாயால் வரட்டும் என்று விட்டேன். பழைய டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் மாற்றிக் கொடுப்பதும் சேர்த்து நூற்றைம்பது லெவா என்றான். நான் பேரம் பேசிய அழகைப் பார்க்க வாசலில் கூட்டம் கூடிவிட்டது, நூற்றிருபதுக்கும் நான் காய்ச்சிய பிளம் ரக்கியா ஒரு பாட்டிலுக்கும் படிந்தான். வெற்றியோடு வந்து சொன்னால் உன் அப்பா, "ஊர்ல ஆளே இல்ல, சாகிறதுக்குக்கூட ஆள் குறைஞ்சு போச்சு, இதுல வேகம் என்னத்துக்குடா" என்கிறார். அந்தப் பணத்துக்கு எத்தனை தாள் அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். நான் விடவில்லை. இங்கே பார் அண்ணே, புதுக்கடைக்காரனிடம் அரை ஊர் போய்விட்டது, மீதி அரை உன் முகத்துக்காக வருகிறது, டிஸ்க் போட்டால் போனவர்களும் திரும்புவார்கள், அது மட்டுமா, ஐந்து வருஷம் கேரண்டி இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அதுக்கு அஞ்சு வருஷம் கேரண்டி, சரி. எனக்கு எவ்வளவு குடுத்திருக்காங்கன்னு உனக்குத் தெரியும்ல" என்றார்.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் உட்கார்ந்துகொள் கண்ணு. பிப்ரவரியிலிருந்து எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மா படத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார், இன்று அதை மீறுகிறேன். வயிற்றுவலி என்று ஆரம்பித்தது, சாப்பாடு இறங்கவில்லை, கணையத்தில் கட்டி என்று ஸ்கேனில் சொன்னார்கள். நீ வீடியோவில் பார்க்கும்போது மேல்சட்டைக்கு அடியில் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு உட்காருகிறார், உனக்கு மெலிவு தெரியக்கூடாதாம். ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். டாக்டர் தோஷேவா நல்ல பெண்மணி, என்னோடு மரியாதையாகப் பேசினார், என் கேள்விகளைக் கேட்டு நீங்களும் டாக்டரா என்று கேட்டார். கத்தி வைக்க முடியாது, மருந்தில் தள்ளலாம், செப்டம்பர் திராட்சை அறுவடை வரைக்கும் கவலையில்லை, தானே கத்தரி பிடித்துக் குலை வெட்டுவார் என்றார். அதனால் நீ பதற வேண்டாம். அங்கே நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவரைத் திடீரென்று விட்டுவிட்டு வரவும் முடியாது, ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறாயே, அப்போது வந்தால் போதும்.

அந்த கேரண்டிப் பேச்சுக்குப் பிறகு நான் டிஸ்க் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு வாரம் போனதும் அவரே, "போய் வாங்கிட்டு வா, பிளாமெனை வந்து மாட்டச் சொல்லு" என்றார். என் வாதம் வேலை செய்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். மாட்டின அன்றைக்கு நான் கண்ணாடியை எடுத்து மூக்கில் வைப்பதற்குள் திரை வந்துவிட்டது, ஊரில் உள்ள எல்லா முகமும் தட்டினவுடன் வருகிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் ஒரு அம்மா தன் அண்ணனின் ஆறாம் மாதத் தாளுக்கு வந்தாள், நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தாள் அவள் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு போகவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் நின்றாள். உன் அப்பா என்னைப் பார்த்து, "காப்பி போடுடா" என்றார். இப்போது வேலை முடிந்த பிறகுதான் காப்பி கொடுக்கிறோம்.

டிஸ்க் மாட்டின அன்றைக்கே, பிளாமென் போனதும் அண்ணன் எழுந்து தன் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். எதற்கு என்றேன். "என் தாளை யார் அடிக்கிறது, அந்தப் புதுக்கடைக்காரனா? நீதான் அடிக்கணும். பழைய டிஸ்க்கா இருந்தா உனக்குப் பொறுமை இருக்காது, பெட்டியோட பக்கத்துல ஓங்கி அறைவே. அதுக்குத்தான் இந்தச் செலவு" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழக்கத்துக்கு என்று முதலில் பழைய டிஸ்க்குக்கே ஒரு தாள் அடித்தோம், ஊருக்காகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது என்று நான் ஒற்றை விரலில் தட்ட, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்தும் பிடித்த கையை எடுக்கவில்லை. பிறகு அவருடையது. படம் அவரே தேர்ந்தெடுத்தார், உன் பட்டமளிப்பு அன்று படிக்கட்டில் நின்றது, உன்னுடைய தோள் ஓரத்தில் கொஞ்சம் தெரியும், அதை வெட்டாதே என்றார். பெயர் அடித்தேன், பிறந்த வருஷம் அடித்தேன். கீழே துக்கத்துடன் என்று போட்டு என் பேரை அடித்துவிட்டு உன் பேரில் பாதி வந்திருப்பேன், என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அவ பேரைப் போடாதே. அவளுக்குத் தெரியவே தெரியாதே, அவ இன்னும் துக்கப்படலை" என்றார். அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அவரே அழித்தார். நான் வெளியே போய் சிகரெட் பிடித்தேன், விட்டுப் பல வருஷமாகிறது. அந்த டிஸ்க் கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை கண்ணு. அது இல்லாவிட்டால் அவர் இந்த வசந்தத்தில் கடையைத் திறந்திருக்கவே மாட்டார், அது தெரியும்.

அவர் மேல் கோபப்படாதே, இதைப் படித்துவிட்டு உடனே போன் போட்டு அழாதே, ராத்திரி வேலை என்றால் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போ. ஸ்பெயினுக்குப் போகிற பார்சல் வண்டியில் இதோடு லூட்டெனிட்சா ஆறு ஜாடி அனுப்புகிறேன், நானே குடைமிளகாய் வறுத்து அரைத்தது, அக்கம்பக்கத்தில் இப்படி யாருக்கும் வராது. கடவுள் உன் தலைக்கு மேல் இருக்கட்டும், நீ எடுத்து வைக்கிற அடி தடுக்காமல் இருக்கட்டும். இத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், பேனா ஓடவில்லை. டாக்டர் திராட்சை அறுவடை என்று சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. எழுத ஆரம்பித்தபோது உன்னைப் பயமுறுத்தக்கூடாது என்று தோன்றியது, இப்போது அதை அடித்துவிட்டு எழுதினால் நீ அடித்ததைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய் என்று விட்டுவிட்டேன். பிள்ளைங்க யாராவது வெளியூர்ல இருக்காங்களா, இருந்தா வரச் சொல்லுங்க, எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு இது ஒன்றுதான் டாக்டர் சொன்னது. ஆகஸ்ட் வேண்டாம். இந்த வண்டி சனிக்கிழமை அங்கிருந்து திரும்புகிறது, டிரைவரிடம் உனக்கு ஜன்னல் பக்கம் ஒரு இடம் வைக்கச் சொல்லிப் பணமும் கொடுத்துவிட்டேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் சித்தப்பா,
வல்கோ