ஹாலோரனுக்கு ஒரு வாய்ப்பு

மார்ச் 11, திங்கள்

காலையில் வாசலில் பனி வாரினேன். மார்ச் வந்தும் இந்தக் குளிர் டொலிடோவை விட்டுப் போவதாக இல்லை. கார்லா மாடியில் தூங்குகிறாள். முப்பது வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகப் படுத்த அதே கட்டிலில். மணிக்கட்டுக் கட்டைப் போன வாரம்தான் பிரித்தார்கள்.

ஜனவரியில் இரண்டு பையோடு வந்து நின்றபோது, "ஐஸ்ல வழுக்கிட்டேன்பா" என்றாள். சில நாள் கழித்துத்தான் அவள் அம்மா ரீட்டாவிடம் வாயைத் திறந்தாள். ட்ரெவர் கையை முறுக்கியிருக்கிறான். அது முதல் தடவையும் இல்லையாம். பாவி. என் மருமகன் என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பேன். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி ஆங்கர்ஸ் ஆடும்போது என்னோடு மைதானத்துக்கு வந்தவன், என் ஃபிளாஸ்கில் காபி குடித்தவன்.

இன்று அவளிடம் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லப்பா. முட்டை இருக்கா?" என்றாள். சாப்பாடு கேட்கிறாள், அதுவே பெரிது.

ஆங்கர்ஸ் இன்னும், எறிகிற பந்தை ஓடிப் பிடிக்க ஒரு நல்ல ரிசீவரை வாங்கவில்லை. போன வருடம் இருந்தவர்கள் ஓடுவார்கள், எறிந்த பந்து கைக்கு வரும், நெஞ்சில் பட்டுக் கீழே விழும். இவர்களைவிட நீ நன்றாகப் பிடிப்பாய் என்று ரீட்டாவிடம் சொன்னேன். "சம்பளம் என்ன தருவாங்க?" என்றாள்.

மார்ச் 13

ஹெர்ப் கடையில் பீர் குடித்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஓரமாக எழுத்து ஓடியது: ஆங்கர்ஸ் புது ரிசீவரை எடுத்துவிட்டார்கள். ப்ரைஸ் ஹாலோரன். கடையே எழுந்து நின்றது. டியூயி என் முதுகில் அடித்த அடியில் பீர் சட்டையில் கொட்டியது. "லென், நம்ம தலையெழுத்து மாறிடுச்சுடா" என்றான். மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அவனுடையது. எங்களுக்கு முடி கொட்டியதே அந்த இருக்கைகளில்தான்.

நானும் மேசையைத் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. ஹாலோரன். போன கோடையில் காதலியை பெட்ரோல் பங்கில் காரிலிருந்து முடியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டவன். அங்கிருந்த காமிராவில் பதிவானதை நாடே பார்த்தது. பழைய அணி அவனைத் துரத்திவிட்டது. இப்போது நம்ம ஆட்கள் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள்.

"அவன் செஞ்சதை மறந்துட்டீங்களாடா?" என்று கேட்டேன். "முதல் ஆறு ஆட்டம் தடை போட்டுட்டாங்கல்ல, அப்புறம் என்ன? நீ அவனுக்குப் பொண்ணா குடுக்கப் போறே?" என்றான் டியூயி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு கார்லா விஷயம் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் கார்லா அதே செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெட்ரோல் பங்க் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் அவளே எழுந்துபோய் அணைத்தாள். "நல்லா பிடிப்பானாமேப்பா" என்றாள்.

மார்ச் 14

காலை ரேடியோ நிகழ்ச்சிக்கு போன் போட்டேன். மிட்ச் நடத்துவது, ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் போகும்போது கேட்பது. நான் அங்கே பழைய ஆள். "கிழக்குப் பக்கத்து லென் வந்துட்டாரு, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க" என்றான் மிட்ச். நான் சிரிக்கவில்லை. "பொம்பளைமேல கை வைக்கிறவன் எங்க சட்டையப் போட்டு ஆடினா, அந்த ஆட்டத்தை நான் பாக்க மாட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா" என்றேன்.

கார்லா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கே ரேடியோ ஓடுமாம். மாலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மார்ச் 15

டியூயி பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 22

ட்ரெவர் பூ அனுப்பியிருக்கிறான். கோபத்தை அடக்கச் சொல்லித்தரும் வகுப்புக்குப் போகிறானாம், சீட்டில் எழுதியிருக்கிறான். ரீட்டா பூவை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டாள். கார்லா பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

வெந்நீர் பாய்லர் மறுபடி ஒழுகுகிறது.

ஜூலை 30

பயிற்சி முகாம் தொடங்கிவிட்டது. ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறது. நான் போகவில்லை. ஹாலோரன் மேடையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டதை டிவியில் காட்டினார்கள். அழுதான். "காசு கைக்கு வந்ததும் கண்ணீரும் வருது பாரு" என்றாள் ரீட்டா. உண்மையாகத்தான் அழுகிறான் என்று எனக்குத் தோன்றியது.

கார்லா தனி வீடு பார்க்கலாமா என்று கேட்டாள். சிறிய வீடு, ஆற்றுப் பக்கம். நல்ல யோசனை என்றேன். முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. பழைய கார்லா மாதிரி பாத்ரூமில் பாடுகிறாள், சுருதி இல்லாமல்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் ஆட்டம். பார்த்தேன். ஹாலோரனுக்குத்தான் இன்னும் தடை இருக்கிறதே, அதனால் என் சொல்லை நான் மீறவில்லை. ரீட்டா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தோற்றோம். பந்து ஏழெட்டு முறை கையிலிருந்து நழுவியது.

அக்டோபர் 13

மறுபடி தோற்றோம். ஆறில் ஒன்றுதான் ஜெயித்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்றைக்கு ஹாலோரன் முதன்முதலாக இறங்குகிறான். நான் வீட்டுக்குப் பின்னால் இலை பெருக்கினேன். பக்கத்து வீடுகளிலிருந்து திடீரென்று கத்தல். சிறிது நேரத்தில் மறுபடி. என்னதான் நடக்கிறது என்று தெரியாமல் ஒருவன் எவ்வளவு நேரம் இலை பெருக்குவான்? காரில் போய் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன். கார் ஓடவில்லை, ஆட்டத்தைப் பார்க்கவும் இல்லை, கேட்டேன், அவ்வளவுதான். ஜெயித்தோம்.

அக்டோபர் 27

ஹெர்ப் கடைக்குப் போனேன். ஏழு மாதமாகப் பேசாத டியூயி ஒன்றும் கேட்காமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அந்தப் பிடியை எப்படி எழுதுவது? பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. இரண்டு பேர் அவன்மேல் தொங்குகிறார்கள். ஒற்றைக் கையை நீட்டி, எடுத்தான் ஐயா. இரண்டு கால் விரல்களும் கோட்டுக்கு உள்ளே. நான் நாற்காலிமேல் நின்றிருந்தேன், எப்போது ஏறினேன் என்று தெரியாது. டியூயி அழுதான். நானும்தான். இத்தனை வருடம் மண்ணைக் கவ்வியவர்களுக்கு இது என்ன என்று மற்றவர்களுக்குப் புரியாது.

அக்டோபர் 28

மிட்சுக்கு போன் போட்டேன். பேசினதைப் பேசினபடி எழுதி வைக்கிறேன்.

"மிட்ச், மார்ச்ல நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். மனுஷன் தப்புப் பண்ணான். தண்டனைய அனுபவிச்சான். நாலு பேர் முன்னாடி அழுதான். இன்னும் எத்தனை நாளைக்கு வாசல்லயே நிக்க வைக்கிறது? ஒருத்தன் திருந்திட்டேன்னு வந்தா கதவைத் திறக்கணும். உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கணும். நான் திறந்துட்டேன்."

மிட்ச் மைக்கிலேயே கை தட்டினான். நாளெல்லாம் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்களாம். ஹெர்ப் கடையில் இன்று என்னிடம் காசு வாங்கவில்லை.

ரீட்டா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். தலைவலியாம்.

அக்டோபர் 29

கார்லா கேட்டாள், "நேத்து ரேடியோல சொன்னது நிஜமாவாப்பா? நிஜமாவே அப்படி நினைக்கிறியா?" அவள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. சந்தோஷமாக இருந்தது. "பின்னே? அந்த மாதிரி ஒரு பிடியை நீ பாத்திருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. டிவியில் அதையே மறுபடி காட்டினார்கள், நான் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 2

கார்லா வேலையிலிருந்து வந்து காரிலேயே உட்கார்ந்து போன் பேசுகிறாள். நேற்றும் அப்படித்தான். ரீட்டா ஜன்னலில் நின்று, "அவன்தான்" என்றாள். எவன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 5

போகிறேன் என்கிறாள். ட்ரெவரிடம்.

கத்தினேன். அவன் மறுபடி அடிப்பான்டி, உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அவள் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. "அவன் வகுப்புக்குப் போறான்பா. அழுதான். நீதானே சொன்னே, எத்தனை நாள் வாசல்ல நிக்க வைக்கிறதுன்னு. ட்ரெவரும் கேட்டான். அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணிட்டான், உங்கப்பாவே சொல்லிட்டாருன்னு."

"அது விளையாட்டப் பத்திச் சொன்னது."

ரீட்டா அடுப்படியிலிருந்து, "அந்தப் பொண்ணை முடியப் பிடிச்சு இழுத்தது விளையாட்டா லென்?" என்றாள்.

கார்லா என்னைப் பார்த்துக் கேட்டாள். "யாரோ ஒருத்தனுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்தியே. என் புருஷனுக்கு ஏன் குடுக்க மாட்டே?"

ரேடியோல அவ்வளவு பேசினேனே. வாய் எங்கே போச்சு?

நவம்பர் 6

போய்விட்டாள்.

நவம்பர் 11

மிட்சுக்கு போன் போட்டேன். வெகு நேரம் காத்திருக்க வைத்தான். "நான் அன்னிக்கு சொன்னது தப்பு. எல்லாரும் கேளுங்க, அது தப்பு. முக்கியமா ஒருத்தர் கேக்கணும்" என்று ஆரம்பித்தேன். "லென், தொடர்ந்து ஜெயிச்சிட்டிருக்கோம், இப்பப் போய் கண்ணு வைக்காதீங்க" என்று சிரித்துவிட்டு டயர் விளம்பரத்துக்குப் போய்விட்டான்.

பல் மருத்துவர் ஆபீசுக்கு போன் செய்தேன், அவள் கேட்டாளா என்று தெரிந்துகொள்ள. கார்லா போன வாரமே வேலையை விட்டுவிட்டாளாம். வேறு ஒரு பெண் எடுத்துச் சொன்னாள். எங்களுக்குத் தெரியாது.

நவம்பர் 19

கார்லாவுக்கு போன் செய்தால் ட்ரெவர்தான் எடுக்கிறான். "அவ குளிக்கிறா லென்." முந்தாநாள் தூங்கினாளாம். இன்றைக்குக் குளிக்கிறாளாம்.

போலீஸுக்குச் சொல்லலாமா என்று ரீட்டா கேட்டாள். என்னவென்று சொல்வது? மகள் புருஷன் வீட்டில் குளிக்கிறாள் என்றா?

நவம்பர் 28, வியாழன்

தேங்க்ஸ்கிவிங். ட்ரெவரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள் ரீட்டா. "அவன் இல்லாம அவ வர மாட்டா" என்றேன். வான்கோழியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

கதவை நான்தான் திறந்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மெலிந்திருந்தாள் கார்லா. என்னைக் கட்டிக்கொண்டபோது இடது விலாவில் கை படாமல் கொஞ்சம் ஒதுங்கினாள். உருளைக்கிழங்கு வைக்கட்டுமா என்று ரீட்டா கேட்டால் முதலில் அவன் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம்தான் சரி என்கிறாள்.

சாப்பிடுமுன் ஆளுக்கு ஒன்றுக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். எல்லோரும் சேர்ந்திருப்பதற்கு என்றாள் கார்லா, தட்டைப் பார்த்து. ரீட்டா கண்ணை மூடிக்கொண்டாள். ட்ரெவர், "நான் லென்னுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று போனை எடுத்தான். என் குரல். எத்தனை நாளைக்கு வாசல்லயே நிக்க வைக்கிறது. கதவைத் திறக்கணும். மிட்ச் கை தட்டுவது வரைக்கும் முழுதாகப் பதிந்து வைத்திருக்கிறான்.

"எங்களுக்குள்ள சின்னதா ஏதாவது வந்தா இதைத்தான் போட்டு விடுவேன் லென். உடனே அடங்கிடுவா. இல்ல கார்லா?"

"ஆமா" என்றாள்.

என் முறை வந்தது. வான்கோழி நன்றாக வெந்திருக்கிறது, அதற்கு நன்றி என்றேன். ட்ரெவர் மட்டும் சிரித்தான்.

அடுப்படியில் அவள் தட்டுக் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "இங்கயே இருந்துடும்மா. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். தப்பு என்னோடது. அந்தப் பேச்சே தப்பு." குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள், சத்தம் வருவதற்காக. "அவனுக்குக் கேட்டுடும்பா. நீ போய் ஆட்டத்தைப் பாரு. ஆட்டம் முடிஞ்சதும் கிளம்பணும்னு சொல்லிட்டான்."

போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டம் நடக்கும்வரை அவள் என் வீட்டில் இருப்பாள். அதனால் பார்த்தேன். விளம்பரம் வந்தால் நிம்மதியாக இருந்தது. யாராவது அடிபட்டு விழுந்து ஆட்டம் நின்றால் மெதுவாக எழுந்திரு என்று வேண்டினேன். கார்லா வந்து சோபா ஓரத்தில் உட்கார்ந்தாள். ரீட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி நிமிடத்தில் இரு பக்கமும் சமம். சமமாகவே முடிந்தால் கூடுதல் நேரம் உண்டு. கால் மணி, அரை மணி, எது கிடைத்தாலும் போதும். பிறந்ததிலிருந்து ஆங்கர்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிய வாயால் ஜெயிக்கக் கூடாது என்று வேண்டினேன்.

பந்தை எறிந்தார்கள். ஹாலோரன் மூலையை நோக்கி ஓடினான். விட்டுடு. விட்டுடுடா. உனக்குப் புண்ணியமாப் போகும், விட்டுடு.

பிடித்துவிட்டான். தெரு முழுக்கக் கத்தல், கார் ஹாரன். ட்ரெவர் எழுந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலே பார்த்தேன். கார்லா அதற்குள் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.