தொழில்: நில்

அன்பு மதினி காளியம்மாளுக்கு,

கார்டு வந்துவிட்டது. மீனவர் அடையாள அட்டை. பாம்பனில் நம்மோடு கடல்பாசி எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் நேற்றுக் கொடுத்தார்கள். வாங்கியதும் உன்னிடம் காட்டத்தான் திரும்பினேன். நீ போய் ஒரு வருஷமாகிறது என்பதே அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

நம் முதல் விண்ணப்பம் திரும்பி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தொழில் என்ற இடத்தில் இங்கிலீஷில் மூன்றே எழுத்து. என், ஐ, எல். மகளின் புத்தகத்தில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டி, "நில்" என்று வாசித்தாய்.

"நிக்கச் சொல்லி எழுதியிருக்காக. வா, போயி நிப்போம்."

ராமநாதபுரத்தில் மீன்துறை ஆபீஸ் வாசலில் மதியம்வரை நின்றோம். கிளார்க் வெளியே வந்து விசாரித்தவர், விழுந்து விழுந்து சிரித்தார். "நில்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்மா. வீட்டுக்காரருதான் மீனவரு. நீங்க வீட்ல இருக்கவங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீயோ பாறை கிழித்த விரல்களை அவர் முன்னால் விரித்தாய்.

"வீட்ல இருக்கவ கையா இது? பதினாலு வயசுல இருந்து கடல்ல முங்குறேன். திருத்தி எழுதுங்க. அதுவரைக்கும் நீங்க எழுதுனபடியே நிக்கிறோம்."

அன்றைக்கு யாரும் திருத்தவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை போய் நின்றோம். நீ போன பிறகும் விடவில்லை. பஸ்ஸில் யாராவது, "எங்கன போறீக?" என்று கேட்டால், "நில்லுக்கு" என்போம்.

இப்போது கார்டில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? 'சீவீட் கலெக்டர்'. பாசி சேகரிப்பவர் என்றுதான் அர்த்தமாம். யாருக்கு வேண்டும் அந்த அர்த்தம்? நாங்கள் எல்லோரும் கலெக்டர், மதினி. உன் அண்ணன் முறைக்காரர், என் வீட்டுக்காரர், காலையில் டீ கேட்டார். "மனு எழுதிக் குடுங்க" என்றேன்.

இன்றைக்கு உன் மகள் செல்வி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் எழுதினாள். உன் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட்டாள். பஸ்ஸுக்குத்தான் லேட் என்று நினைத்திருந்தேன். இறந்தவர்களுக்கும் அதே சொல்லாம்.

அடுத்தது அம்மாவின் தொழில். "அம்மாதான் இல்லையே அத்தை, இத விட்டுறவா?" என்றாள். பேனாவை வாங்கினேன். என் கார்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து நானே எழுதினேன். கட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போய்விட்டது. போகட்டும்.

இனி எந்தத் தாளில் உன் பெயர் வந்தாலும் உன் தொழிலும் கூடவே வரும். அதற்கு நான் பொறுப்பு.

உன்னோடு முங்கிய நாத்தனார்,
பாக்கியம்